எதிர்ப்பு சக்தியே இல்லாத எலியில் புற்றுநோய் மருந்தைச் சோதிப்பது எதற்கு?

கேள்வி: "எலியில் புற்றுநோய்க் கட்டி முழுதாகக் கரைந்தது" என்று அடிக்கடி செய்தி வருகிறது. விசாரித்தால், அந்த எலிகளுக்கு நோய் எதிர்ப்பு சக்தியே கிடையாது என்கிறார்கள். அப்படிப்பட்ட எலியில் சோதித்து மனிதனைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? அப்புறம், என் சித்தப்பாவுக்குக் குடலில் கட்டி எடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு துண்டை எலியில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்:

ஆறு வருடம் இந்த எலிகளோடு குப்பை கொட்டியவன் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை, கூண்டுக்குள் பரப்பும் மக்காச்சோளத் தக்கைத் தூளை வாராவாரம் மாற்றுகிற வேலையும் ஆராய்ச்சி மாணவன் தலையில்தான் விழும். உங்கள் முதல் சந்தேகம் நியாயமானது. எலிச் செய்தியைப் பார்த்ததும் எல்லோரும் "என்ன மருந்து?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் "எந்த எலி?" என்று கேட்க வேண்டும்.

அடிப்படையிலிருந்து வருவோம். மனிதனின் புற்றுநோய் செல்களை ஒரு சாதாரண எலியின் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தினால், சீக்கிரமே அவை இருந்த இடம் தெரியாது. எலியின் டி செல்கள், அதாவது உடம்பைக் காக்கும் ஒரு வகை வெள்ளணுக்கள், அவற்றை அந்நியம் என்று கண்டுபிடித்துத் தீர்த்துவிடும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிடுவதும் இதே காரணத்தால்தான். அதுவாவது மனிதனிலிருந்து மனிதனுக்கு, இது வேறு இனத்துக்கே போகிறது. மாமரத்தில் இன்னொரு மாமரத்தின் கிளையை ஒட்டுக் கட்டலாம், வேம்பை ஒட்ட முடியாது. எதிர்ப்பு சக்தி இல்லாத எலி என்பது எந்த ஒட்டையும் தள்ளாத அடிக்கன்று மாதிரி. எங்கள் ஆய்வகத்திலும் "ஒட்டு பிடிச்சிருச்சா?" என்கிற தொனியில்தான் "கட்டி பிடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொள்வோம்.

சரி, எலிக்கே வருகிற புற்றுநோயை எதிர்ப்பு சக்தி உள்ள எலியிலேயே சோதிக்கலாமே? அதுவும் நடக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் இன்றைய மருந்துகள் பல, மனிதப் புரதம் ஒன்றின் குறிப்பிட்ட வடிவத்தைப் பிடிப்பதற்காகச் செதுக்கப்பட்டவை. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் மனிதனின் ஹெர்2 புரதத்தைப் பிடிக்கும், எலிக் கட்டியில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. மனிதக் கட்டியில் சோதிக்க வேண்டும், அந்தக் கட்டி ரத்த ஓட்டமும் கல்லீரலும் சிறுநீரகமும் உள்ள ஓர் உடம்புக்குள் இருக்கவும் வேண்டும். கண்ணாடித் தட்டில் வளரும் செல்லுக்குக் கல்லீரல் கிடையாது. மருந்தைக் கல்லீரல் சிதைத்துவிடுமா, கட்டியின் நடுப்பகுதி வரை அது போய்ச் சேருமா என்றெல்லாம் தட்டு சொல்லாது.

இந்த எலிகளை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1962இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ரக்கில் மருத்துவமனையின் வைரஸ் ஆய்வகத்தில் வளர்த்த எலிகளில் சில ரோமமே இல்லாமல் பிறந்தன. 1966இல் ஃபிளானகன் என்ற ஆய்வாளர் அதை ஒரு மரபணுக் கோளாறு என்று விவரித்து 'நியூட்' (நிர்வாணம்) என்று பெயர் வைத்தார். அப்போதைக்கு அது ஒரு மொட்டை எலி, அவ்வளவுதான். 1968இல் பாண்டெலூரிஸ் அறுத்துப் பார்த்தபோதுதான் நெஞ்சுக்கூட்டுக்குள் தைமஸ் சுரப்பியே இல்லை என்பது தெரிந்தது. டி செல்கள் பக்குவமடைகிற பள்ளிக்கூடம் தைமஸ். பள்ளிக்கூடமே இல்லையென்றால் படித்து வெளியே வர ஆளில்லை. மறு வருடமே கோபன்ஹேகனில் ரைகார்டும் போவ்ல்சனும் ஒரு நோயாளியின் பெருங்குடல் புற்றுநோய்த் துண்டை அந்த எலியில் வைத்தார்கள், வளர்ந்தது. உங்கள் சித்தப்பாவுக்கு வந்த அதே வகைக் கட்டியில்தான் இந்தக் கதை தொடங்கியது.

ரோமத்துக்கும் தைமஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஃபாக்ஸ்என்1 என்ற ஒரே மரபணு இரண்டு இடத்திலும் வேலை பார்க்கிறது, அது கெட்டால் இரண்டும் போகும். இதே கோளாறு மனிதர்களிலும் உண்டு. தலைமுடியில்லாமல், நகம் சிதைந்து, டி செல்கள் வேலை செய்யாமல் பிறந்த குழந்தைகளைத் தெற்கு இத்தாலியில் 1990களில் கண்டறிந்தார்கள்.

நியூட் எலியிலும் ஒரு குறை இருந்தது. டி செல் இல்லையே தவிர, எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் பி செல் உண்டு, இயற்கைக் கொல்லி செல்கள் என்கிற இன்னொரு காவல் படையும் வலுவாக உண்டு. ஓரளவு முரட்டுக் கட்டிகள்தான் அதில் பிடிக்கும், ரத்தப் புற்றுநோய் சரியாகப் பிடிக்காது. 1983இல் ஃபிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் போஸ்மா தம்பதியர் 'ஸ்கிட்' எலியை அறிவித்தார்கள். டி, பி இரண்டும் கிடையாது. காரணம், உடைந்த டிஎன்ஏவை ஒட்ட வைக்கிற ஒரு புரதத்தில் கோளாறு. அதனாலேயே இந்த எலி கதிர்வீச்சைத் தாங்காது. ஸ்கிட் எலியில் போய்க் கதிர்வீச்சு சிகிச்சையைச் சோதித்துவிட்டு "எலிக்கு ரொம்பப் பக்கவிளைவு" என்று எழுதினால் அது மருத்துவத்தின் குற்றமில்லை, எலியைத் தேர்ந்தெடுத்தவரின் குற்றம்.

அடுத்து, சர்க்கரை நோய் வருகிற 'நாட்' வகை எலியோடு ஸ்கிட்டைக் கலந்தார்கள். டி செல் இல்லாததால் இந்தக் கலப்புக்குச் சர்க்கரை வராது, கூடவே இதன் கொல்லி செல்களும் பலவீனம். ஆனால் ஆயுள் குறைவு, எட்டு ஒன்பது மாதத்தில் அதற்கே தைமஸில் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றுநோய் வந்து செத்துப்போகும். கடைசியாக ஐஎல்2ஆர்ஜி என்ற மரபணுவையும் நீக்கினார்கள். 2002இல் ஜப்பானின் கவாசாகியில் 'நாக்' எலி, 2005இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 'என்எஸ்ஜி' எலி. டி இல்லை, பி இல்லை, கொல்லி செல்லும் இல்லை. இன்று புற்றுநோய் ஆய்வகங்களில் வைத்துத் தாங்குவது இந்த என்எஸ்ஜியைத்தான்.

அந்த ஐஎல்2ஆர்ஜி மரபணுவை நீங்கள் வேறு பெயரில் கேள்விப்பட்டிருக்கலாம். ஹூஸ்டனில் 1971இல் பிறந்து, கிருமியில்லாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவன், 'குமிழிச் சிறுவன்' என்று உலகமே பேசியவன். அவனுக்கு இருந்தது இந்த மரபணுவின் கோளாறு. அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவனுக்குச் செலுத்தினார்கள். அந்த மஜ்ஜைக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஒளிந்திருந்தது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிற வைரஸ்தான் அது, நம் டி செல்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அவனிடம் அடக்க ஆளில்லை. 1984இல் லிம்போமாவில் இறந்தான். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், இதே சம்பவம் எங்கள் எலிகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. நோயாளியின் வயிற்றுக் கட்டித் துண்டை என்எஸ்ஜி எலிக்குள் வைக்கிறோம். சில மாதத்தில் ஒரு கட்டி வருகிறது, சந்தோஷப்படுகிறோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது வயிற்றுப் புற்றுநோயே இல்லை. துண்டோடு ஒட்டி வந்த நோயாளியின் பி செல்லில் அந்த வைரஸ் இருந்து, அதுவே லிம்போமாவாக வளர்ந்திருக்கும். பார்க்காமல் அந்தக் கட்டியில் மருந்து சோதித்தவர்களும் இருப்பார்கள்.

'எலி வளையானாலும் தனி வளை' என்கிற பழமொழியை இந்த எலிகளுக்கு அரசாங்க விதி மாதிரிக் கடைப்பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கூண்டுக்கும் வடிகட்டிய காற்று தனிக் குழாயில் வரும். தக்கைத் தூள், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிப் பெட்டியில் வெந்துதான் உள்ளே போகும். தீவனமும் அப்படித்தான், அல்லது கதிர்வீச்சில் சுத்தம் செய்ததாக இருக்கும். பல இடங்களில் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் சேர்ப்பார்கள், பாக்டீரியா வளராதிருக்க. நாம் குளித்து, உடை மாற்றி, தலையுறை, முகக்கவசம், இரட்டைக் கையுறையோடு போக வேண்டும். நியூட் எலியை முதல் தடவை கையில் வாங்கியவர்கள் ஒரு நொடி தயங்குவார்கள். ரோமம் இல்லாததால் உள்ளங்கையில் அதன் சூடு நேராகத் தெரியும். தோல் கழுத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும், மீசை குட்டையாகச் சுருண்டிருக்கும்.

இவ்வளவு காவலையும் தாண்டி ஒரு கிருமி வந்த கதை சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, நியூட் எலிகளின் முதுகில் அரிசி மாவு தூவியது போல வெள்ளைச் செதில். கோரினிபாக்டீரியம் போவிஸ் என்ற பாக்டீரியா. சாதாரண எலியை அது பொருட்படுத்தும்படி எதுவும் செய்யாது. நியூட் எலியில் தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும், எடை குறையும். ஒரு கூண்டைத் தொட்ட கையுறையோடு அடுத்த கூண்டைத் தொட்டாலே போதும், பரவிவிடும். அப்போது எங்கள் மருந்து மூன்றாவது வாரத்தில் இருந்தது. எலிகள் எடை குறைந்தது மருந்தினாலா, கிருமியினாலா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. 40 எலிகளையும் முடித்துவிட்டு, அறையைக் காலி செய்து சுத்தம் செய்தோம். அந்தக் கையுறை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. என்னுடையதாகவும் இருக்கலாம்.

ஊசி போடும் நாளைப் பார்த்தால் இந்த வேலையின் அளவு புரியும். பத்து லட்சம் முதல் ஐம்பது லட்சம் புற்றுநோய் செல்கள், மொத்தம் 100 மைக்ரோலிட்டர் திரவத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டு சொட்டு. பாதி மேட்ரிஜெல் என்ற கூழ் கலப்போம். அதை ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும், ஊசிக்குள் கொஞ்சம் சூடேறினால் உறைந்து அடைத்துக்கொள்ளும். விலாவில் தோலைத் தூக்கிச் செலுத்தினால் சின்னக் கொப்புளம் மாதிரி நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடம் கடுகாகி, மிளகாகி, பட்டாணியாகும். பட்டாணி அளவில், அதாவது 100 கன மில்லிமீட்டர் வாக்கில், எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மருந்தை ஆரம்பிப்போம். அரைநெல்லிக்காய் அளவுக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். எங்கள் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியில் அந்த எல்லை எழுதியிருக்கும், எடை 20 சதவீதம் குறைந்தாலும் நிறுத்த வேண்டும் என்றும் இருக்கும். இந்தியாவில் 1998 விதிகளின்படி இந்தக் கமிட்டியின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. 20 கிராம் எலிக்கு 2 கிராம் கட்டி என்றால் 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ கட்டி, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டியை அளப்பது வெர்னியர் காலிப்பரில். நீளத்தை அகலத்தால் இரண்டு முறை பெருக்கி இரண்டால் வகுப்போம். அகலம் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். 10 மில்லிமீட்டர் நீளம், 8 அகலம் என்றால் 320. அதே கட்டியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து அகலம் 7 என்று எழுதினால் 245. ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி கட்டி 'கரைந்துவிட்டது'. இது நம் மருந்து வாங்கிய எலி என்று தெரிந்தால் காலிப்பர் தானாகவே கொஞ்சம் இறுகும், இது மோசடி இல்லை, ஆசை. அதனால் அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தெரிந்து அளந்த ஆய்வா, தெரியாமல் அளந்த ஆய்வா என்பதை நான் முதலில் தேடுவேன்.

இனி, 'எந்த எலி?' என்பதற்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதன் காரணம். ஒரு கட்டியில் எல்லா செல்லும் புதுக் கட்டியை உண்டாக்காது, அபூர்வமான சில 'ஸ்டெம் செல்கள்'தான் உண்டாக்கும், அவற்றை மட்டும் குறிவைத்தால் போதும் என்றொரு கருத்து 2000களில் வேகமாகப் பரவியது. டொரண்டோவில் ரத்தப் புற்றுநோயில் தொடங்கியது, அங்கே ஆதாரம் வலுவானது. தோலில் வரும் மெலனோமாவிலும் அப்படித்தான் என்று தோன்றியது. நாட்-ஸ்கிட் எலியில் சோதித்தால் 8 லட்சத்து 37 ஆயிரம் செல்லில் ஒன்றுதான் கட்டி உண்டாக்கியது. 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாரிசனின் குழு ஒரு காரியம் செய்தது. எலியை என்எஸ்ஜியாக மாற்றினார்கள், மேட்ரிஜெல் கலந்தார்கள், எட்டு வாரத்துக்குப் பதில் 32 வாரம் வரை பொறுமையாக இருந்தார்கள். இப்போது ஒரு எலிக்கு ஒரே ஒரு செல்லைப் போட்டாலும், சராசரியாக 27 சதவீத செல்கள் கட்டியாயின. எட்டு லட்சத்தில் ஒன்று என்பது நாலில் ஒன்று ஆகிவிட்டது! செல் மாறவில்லை, நோயாளி மாறவில்லை. அபூர்வமாகத் தெரிந்தது செல்லின் குணம் இல்லை, எலியில் மிச்சமிருந்த எதிர்ப்பு சக்தியும் ஆராய்ச்சியாளரின் அவசரமும்தான். நான் மாணவனாக இருந்தபோது இந்தக் கட்டுரையை எங்கள் குழுவில் வாசித்தோம். அன்று சாயங்காலம் டீக்கடையில் சீனியர் ஒருவர், "அப்ப நாம இதுவரை எலியைத்தான் அளந்துக்கிட்டு இருந்தோமா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

எதிர்ப்பு சக்தி இல்லை என்பது இன்னொரு பக்கமும் வெட்டும். இன்று பெரிதாகப் பேசப்படும் இம்யூனோதெரபி மருந்துகள் பல கட்டியை நேராகக் கொல்வதே இல்லை, நோயாளியின் டி செல்லுக்குப் போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகின்றன. டி செல்லே இல்லாத எலியில் எந்த பிரேக்கை எடுப்பது? ஜேம்ஸ் அலிசன் 1996இல் இந்த வழியை நிரூபித்தது எதிர்ப்பு சக்தி முழுதாக உள்ள சாதாரண எலியில், எலியின் கட்டியில். 2018இல் நோபல் வந்தது அந்த வழிக்குத்தான். என்எஸ்ஜி மட்டுமே உலகில் இருந்திருந்தால் அந்த மருந்துகள் நமக்குக் கிடைத்தே இருக்காது.

கார்-டி சிகிச்சை விஷயத்தில் இந்த எலிகள் பாதி வேலை செய்தன. நோயாளியின் டி செல்லை எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை அது. மனித டி செல், மனித ரத்தப் புற்றுநோய் இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துப் பார்க்க என்எஸ்ஜி மாதிரி எலிதான் வேண்டும். அதில் புற்றுநோய் அழிந்தது. ஆனால் 2012இல் ஃபிலடெல்பியாவில் முதன்முறையாக ஒரு சிறுமிக்குக் கொடுத்தபோது, காய்ச்சல் எகிறி, உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. ரத்தத்தில் ஐஎல்-6 என்ற புரதம் தாறுமாறாக ஏறியிருந்தது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து கையில் இருந்ததால் பிழைத்தாள். எலி ஏன் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை? 2018இல் நியூயார்க்கிலும் மிலானிலும் தனித்தனியாக விடை கண்டார்கள். அந்தப் புயலைக் கிளப்புவது கார்-டி செல் இல்லை, பக்கத்தில் இருக்கும் நோயாளியின் மேக்ரோஃபேஜ் வகைச் செல்கள், அதாவது கிருமிகளை விழுங்கும் செல்கள். அவை சரியாக வேலை செய்கிற எலிகளை வைத்துச் சோதித்த பிறகுதான் அந்தப் புயலை எலியிலும் பார்க்க முடிந்தது. மருந்து வேலை செய்யுமா என்று கேட்டோம், எலி ஒழுங்காகப் பதில் சொன்னது. உயிருக்கு ஆபத்தா என்கிற கேள்விக்கான உறுப்பை நாமே அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தோம்.

எலிக்கும் மனித செல்லுக்கும் பேச்சு வார்த்தையும் ஒருவழிப் பாதைதான். மனித ஐஎல்-6 எலி செல்லில் வேலை செய்யும், எலியின் ஐஎல்-6 மனித செல்லில் செய்யாது. வைத்த துண்டில் இருந்த மனித ரத்தக் குழாயும் நார்த்திசுவும் சில தலைமுறை எலிகளுக்குள் மறைந்து, அந்த இடத்தில் எலியுடையவை வந்துவிடும். விலாவில் வளரும் கட்டி பெரும்பாலும் அங்கேயே இருக்கும், மனிதன் சாவதோ ஈரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் பரவுவதால். குடல் கட்டியைக் குடலிலேயே வைத்துப் பார்க்கும் முறை உண்டு, வேலை அதிகம் என்பதால் பலரும் விலாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மனித ஸ்டெம் செல்லை எலிக்குள் வைத்து மனித எதிர்ப்பு சக்தியையே வளர்க்கும் 'மனிதமயமாக்கிய' எலிகளும் வந்துவிட்டன. விலை கண்ணைக் கட்டும், அந்த எதிர்ப்பு சக்தியும் அரைகுறைதான்.

இவ்வளவு ஓட்டையும் இருந்தால் ஏன் விடாமல் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் 39 மருந்துகளை எடுத்துக்கொண்டு, எலி முடிவையும் மனிதப் பரிசோதனை முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, 2001இல் வெளியிட்டது. எலியில் மார்பகக் கட்டி சுருங்கினால் மனிதனிலும் மார்பகக் கட்டி சுருங்கும் என்கிற மாதிரியான பொருத்தம், ஒரு வகை நுரையீரல் புற்றுநோய் தவிர, கிடைக்கவில்லை. ஆனால் பல வகைக் கட்டிகளில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை செய்த மருந்து, மனிதனில் ஏதாவது ஒரு புற்றுநோயிலாவது பலன் காட்டியது. ஒரே ஒரு எலி வகையில், ஒரே ஒரு கட்டியில் வேலை செய்ததாகச் செய்தி வந்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். பத்து நோயாளிகளின் கட்டியில் ஆறில் வேலை செய்தது, அதுவும் கட்டி வளர்வது மெதுவானது மட்டுமில்லை, சுருங்கியது என்றால் நின்று படிப்பேன்.

சித்தப்பா விஷயம். துண்டை எலியில் வளர்க்கலாம் என்று உங்களிடம் ஒருவர் சொன்னது பொய்யில்லை, நோயாளியின் கட்டித் துண்டை என்எஸ்ஜி எலியில் வளர்க்கிறார்கள். குடல் புற்றுநோய் மற்றவற்றைவிட நன்றாகவே பிடிக்கும். ஆனால் எல்லாத் துண்டும் பிடிக்காது, பிடித்தாலும் முதல் எலியில் வளரச் சில மாதம், அதிலிருந்து பல எலிகளுக்கு மாற்றி மருந்து சோதிக்க இன்னும் சில மாதம் ஆகும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோ தேவையென்றால் இரண்டு மாதத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள் டாக்டர்கள். எலிக்காக அதைத் தள்ளிப்போடச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதைவிட, எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில், கட்டி செல்களின் டிஎன்ஏ பிழைதிருத்தம் கெட்டிருக்கிறதா என்று காட்டும் எம்எஸ்ஐ பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். பரவிய நோயாக இருந்தால் கேராஸ், பிராஃப் மரபணுக்களையும் பார்த்தார்களா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதில் அவை எலியைவிடச் சீக்கிரம் பதில் சொல்லும். ஆராய்ச்சிக்கென்று மருத்துவமனை ஒரு துண்டு கேட்டால், அது வேறு விஷயம். படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, மனமிருந்தால் சித்தப்பா கையெழுத்துப் போடட்டும். அவருக்கு அதனால் பலன் வராது என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கும்.